ஐந்தாம் எண்ணில் நின்ற கடல்

அன்பு மகள் அரையடிக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் மாமாவும் நலம், மாதத்துக்கு இரண்டு முறை கேட்காமலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் கடலும் பரம சௌக்கியம், அங்கே நீயும் உன் நாலாம் மாடி அறையும், ஜன்னலோரத்தில் சாகவும் மாட்டேன் வளரவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்தச் செடியும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. முதலில் தலைப்புச் செய்தி: நான் வளர்ந்துவிட்டேன். சிரிக்காதே. அறுபத்திரண்டு வயதில், மருத்துவ உலகமே மூக்கின் மேல் விரல் வைக்கும்படி, வளர்ந்துகொண்டிருக்கிறேன். சாட்சி வேண்டுமானால் வாசல் நிலையைக் கேள். போன மாதம் வரை அதற்குக் கீழே ராஜநடை போட்டு நுழைந்துகொண்டிருந்தவன், இப்போது நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கத்தோடு இதை எழுதுகிறேன், வீக்கத்தின் நிழல் காகிதத்தில் விழுவதால் வரி கொஞ்சம் கோணலாகப் போகும், பொறுத்துக்கொள். சித்தி சொல்கிறாள், வளந்தது நீங்க இல்ல, தரை, மூணாவது தடவையா செங்கல் பரப்பி சிமென்ட் போட்டது அதுக்குள்ள மறந்துபோச்சா என்று. இந்த வீட்டில் ஒரு மனிதனை நிம்மதியாக வளரக்கூட விடமாட்டார்கள்.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல நலமாக இருக்கிறேன், வேலை நன்றாகப் போகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கவலைப்படாதீர்கள் என்று ஐந்து வாக்கியம், அதற்குக் கீழே உங்கள் ஊர்ச் செய்தி நாலு வரி. ஆறு வற்றிப்போய்ப் படகுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து படுத்திருக்கின்றன, செடிகொடிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு யோசித்தேன், காலுக்குக் கீழே தண்ணீர். உனக்கு இல்லை, எனக்கு வேண்டாம், நடுவில் ஒரு குழாய் போட்டுவிட்டால் இரண்டு அரசாங்கத்தின் தலைவலியும் தீர்ந்துவிடும், அந்த முனையை நீ பிடி, இந்த முனையை நான் ஊதுகிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியவில்லை மகளே. மாமா ஐஸ் பாக்டரியில் மீனுக்குக் குளிர் ஏற்றுகிறவர், நீ அங்கே விமானம் நிறுத்துகிற அளவு பெரிய கூடங்களில் கம்ப்யூட்டர்களுக்குக் குளிர் காட்டுகிற கம்பெனியில் இருக்கிறாய், உலகத்தைக் குளிர வைப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பம் நம்முடையது, அப்படியும் உலகம் சூடாகிக்கொண்டே போகிறது என்கிறார்கள். இதற்கு மேல் நம் குடும்பம் என்னதான் செய்ய முடியும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் சித்தி பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இது அவள் காதில் விழக்கூடாத சமாசாரம், இன்னும் நான்கு நாளில் திங்கட்கிழமை வருகிறது, அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும், எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் உத்தியோகம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அது என்ன உத்தியோகம் என்று எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. பாக்டரிக்குப் பின்னால் படகுத்துறையில் ஒரு மரத்தூண், தூணில் ஆளை விட உயரமாக ஒரு பலகை, பலகையில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள், எண்ணுக்கு எண் ஒரு சாண். தினமும் கடல்நீர் ஏற்றம் வருகிற நேரத்துக்குப் போய்த் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துத் துறைமுக ஆபீஸ் பதிவேட்டில் எழுத வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் நான் கடலுக்கு வகுப்பு வாத்தியார், முப்பத்தோரு வருடமாக ஒரு நாள் விடாமல் அதற்கு ஆஜர் எடுத்து வருகிறேன், அதுவும் ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை, நானும் போட்டதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, புயல் மாதங்கள் முடிந்ததும், பலகையைக் கழற்றிச் சிப்பியைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துத் திரும்ப ஆணி அடிப்பேன். எந்த உயரத்தில் அடிப்பது என்பதில்தான் என் கைநேர்த்தி. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் சரியாக ஐந்தைத் தொட்டது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பௌர்ணமியன்று துறைக்குப் போவேன், தண்ணீர் ஐந்துக்கு ஒரு விரல் மேலே நிற்கும், சில வருடம் ஒன்றரை விரல். சரி, கடல் எவ்வளவு பெரிய மனுஷி, அவளா இடம் மாறப்போகிறாள், இந்த அற்பப் பலகைதான் ஆணி தளர்ந்து ஒரு விரல் சறுக்கிவிட்டது என்று, பலகையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் ஐந்தில் முத்தமிடும்படி வைத்து, அடித்துவிட்டு வருவேன். ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் எல்லாம் என் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, மற்ற துறைகளில் கடல் ஆடுகிற ஆட்டம் தாங்கவில்லை, உங்கள் கடல் மட்டும் பசுமாடு மாதிரி நிற்கிறதே என்று மெச்சி ஒரு பாராட்டுப் பத்திரம் கூடக் கொடுத்தார்கள், கூடத்தில் மாட்டியிருந்தேனே, அதேதான். போன முறை தண்ணீர் வந்தபோது அதன் கீழ்ப்பாதி ஊறிப்போய் என் பெயர் மட்டும் அழிந்துவிட்டது, பாராட்டு அப்படியே இருக்கிறது.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நம் தெருவின் நாற்பத்து மூன்று வீடுகளையும் அப்படியே பெயர்த்துக் கல்குவாரிக்கு அந்தப் பக்கம் மேட்டில் கொண்டுபோய் வைக்க அரசாங்கத்தில் ஒரு திட்டம். அங்கிருந்து பாக்டரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம், கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடியில் ஏணி போட்டு ஏணி மேல் நாற்காலி போட்டு ஏறினாலும் தெரியாது. போவதா வேண்டாமா என்று முடிவுசெய்யத்தான் திங்கட்கிழமை தெருக் கூட்டம். கடல் உண்மையாகவே ஏறியிருந்தால் தெரு மாறியாக வேண்டும், ஏறவில்லை, சாக்கடை அடைப்புதான் காரணம் என்றால் சாக்கடையைச் சரிசெய்துவிட்டு நம்மை விட்டுவிடுவார்கள். மாமா ஷிப்ட் மேஸ்திரி என்பதோடு இப்போது தெருச் சங்கத்துக்கும் தலைவர், அடைப்புக் கட்சி. அவர் கையில் இருக்கும் ஆயுதம் என்ன தெரியுமா? என் முப்பத்தோரு பதிவேடுகள். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிரித்துக் காட்டுகிறார், பாரு, அஞ்சு, இங்க பாரு, அஞ்சு, அன்னைக்கும் அஞ்சு, இன்னைக்கும் அஞ்சு, கடல் ஏறிச்சுன்னு எவன் சொன்னான், என் மச்சான் கைப்பட எழுதியிருக்காரு என்று. தெருவில் எனக்கு இப்போது இருக்கும் மரியாதையைப் பார்த்தால் நீ பொறாமைப்படுவாய். டீக்கடையில் எழுந்து இடம் விடுகிறார்கள்.

இந்த நேரம் பார்த்து, திட்டத்துக்காக நிலத்தை அளக்க ஓர் அளவுக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். உன் வயதுதான் இருக்கும், மூன்று கால் வைத்த ஒரு பெட்டியைத் தெருமுனையில் நிறுத்தி வானத்திலிருக்கும் சாட்டிலைட்டோடு பேச வைக்கிறாள், எனக்கு என் வீட்டுப் போனிலேயே சரியாகப் பேச வராது. பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாள். சித்தி டீ போட உள்ளே போனாள், இவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். நீ எங்களிடம் வந்த மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் உன் உயரத்தைக் கோடு போட்டு வைத்தேனே, அந்த நிலைக்காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். மூணு வயசுல உங்க பொண்ணு இவ்ளோ குட்டையா ஐயா என்றாள். பார்த்தால் அந்தக் கோடு என் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. அவளுக்குப் பேரே அரையடிதானே என்று நான் பெருமையடித்தேன். சித்தி உள்ளே இருந்து, தரைதான் ஒசந்துபோச்சும்மா, கோடு இருந்த எடத்துலதான் இருக்கு என்று குரல் கொடுத்தாள். நான் சிரித்தேன், அந்தப் பெண் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே பதிவேடுகளைப் புரட்டினாள், ஒவ்வொரு பௌர்ணமியாக விரலை வைத்துப் பார்த்தாள், கடைசியில் மெதுவாகக் கேட்டாள், இந்தக் கோட்டை நீங்க நகர்த்தவே இல்ல, சரி, பலகையை எப்பவாவது நகர்த்தியிருக்கீங்களா ஐயா என்று. சேச்சே, அது மலை மாதிரி நிக்குது என்று சொல்லிவிட்டேன்.

அவள் போனதும் சுத்தியலை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய்ப் பலகையைக் கழற்றினேன். பலகைக்குப் பின்னால் தூணில் என்ன இருந்தது என்று நினைக்கிறாய்? ஆணித் துளைகள். கீழிருந்து மேலே ஏணிப்படி மாதிரி, ஒரு துளைக்கு மேல் ஒரு விரல் விட்டு அடுத்த துளை, அதற்கு மேல் அடுத்தது, முப்பத்தோரு துளை. ஒவ்வொரு வருடமும் பார்த்த துளைகள்தான், ஆனால் அந்த வருடத்துத் துளையைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. சாணால் அளந்தேன். அடித்துளைக்கும் உச்சித்துளைக்கும் நடுவே மூன்று சாண், முப்பத்தாறு விரல். பலகையின் தலை தூணைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்த வருடம் ஆணி அடிக்கத் தூணே இல்லை, காற்றில்தான் அடிக்க வேண்டும். அங்கேயே ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடல் முப்பத்தோரு வருடமாக வளர்ந்திருக்கிறது, நான் அதன் தலையில் தட்டித் தட்டி ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறேன். உன்னை அளக்கும்போது நீ திருட்டுத்தனமாக நுனிக்காலில் எக்குவாய், நான் குதிகாலைப் பிடித்து அழுத்திவிட்டுத்தான் கோடு போடுவேன், நினைவிருக்கிறதா? ஒரு குட்டிப் பெண்ணிடம் அவ்வளவு கறாராக இருந்த மனிதன், இவ்வளவு பெரிய கடலிடம் ஏமாந்திருக்கிறேன். அல்லது கடலை நான் ஏமாற்றினேனா? அல்லது ஊரையா? பதிவேட்டில் நான் எழுதியது ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்த எண்தான், ஒரு நாள் கூடப் பொய் எழுதவில்லை, ஆனால் மொத்தமும் பொய். இது எந்த வகைக் குற்றம் என்று எனக்கே விளங்கவில்லை.

சொன்னால் மாமா தெரு முன்னால் தலைகுனிய வேண்டும், நாற்பத்து மூன்று குடும்பமும் மேட்டுக்குப் போக வேண்டும், சித்தியிடம் இருபது வருடமாகத் தைக்கக் கொடுப்பவர்கள் ஒரு மணி நேரம் பஸ் ஏறி ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வருவார்களா? நீ வளர்ந்த வீட்டை மீனுக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாரும் இங்கேயே இருக்கலாம், என்னை வாழ்த்திக்கொண்டே நாலாவது முறை தரையை உயர்த்தலாம், ஐந்தாவது முறை உயர்த்தினால் வீட்டுக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும், நீ வந்த வயதுக்கே எல்லாரும் திரும்பிவிடுவோம். பதிவேடு தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா? ஒன்றா இரண்டா, முப்பத்தொன்றும் எப்படித் தொலையும்? நீயே சொல் மகளே, நான் என்ன செய்யட்டும்? கேட்டுவிட்டேனே தவிர இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்கே இரண்டு வாரம் ஆகும், கூட்டமோ

மேலே வாக்கியம் பாதியில் நிற்பதற்குக் காரணம் சித்தி. அவள் எனக்குப் பின்னால் நின்று எவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. அப்புறம் தையல் மெஷின் பக்கம் போனாள், அது இப்போது நாலு காலுக்கும் செங்கல் வைத்து மேடையில் நிற்கிறது, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள், ஒவ்வொரு தடவை தண்ணி வரும்போதும் இதைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சு, ஒவ்வொரு தடவையும் அடைப்புதான், அடைப்புதான்னு நீங்கதானே சொன்னீங்க என்று. எனக்கும் தெரியாது என்றேன். தெரியாதுன்னாவது எழுதியிருக்கலாமில்ல, அஞ்சுன்னு ஏன் எழுதுனீங்க என்றாள். சொல்லவா வேண்டாமா என்று கேட்டேன். அவள், எனக்கு இங்கேயிருந்து போக இஷ்டமில்ல, எழுதிக்குங்க, அரையடிக்கும் எழுதுங்க, ஆனா அப்படியே போறதா இருந்தா இந்த நிலையைக் கழட்டி எடுத்துக்கிட்டுத்தான் வருவேன் என்றாள். இது சொல் என்று அர்த்தமா, சொல்லாதே என்று அர்த்தமா? அன்று முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

இது புதன்கிழமை தொடர்கிறேன். கடிதத்தை ஐந்து நாள் அரிசி டப்பாவின் மேல் வைத்திருந்தேன், இந்த வீட்டில் நனையாத இடம் அதுதான். கூட்டம் ஐஸ் பாக்டரிக் கொட்டகையில் நடந்தது, மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டுத் தெருவே உட்கார்ந்திருந்தது. நான் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு போனேன், பார்த்தவர்கள் எல்லாம் மாமா தன் பேச்சுக்கு ஆதாரமாகக் கொண்டுவரச் சொன்னார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாமாவும் சளைக்கவில்லை, மேஜையில் பதிவேடுகளைக் கோபுரமாக அடுக்கி, கடல் அஞ்சுல நிக்குது, முப்பத்தோரு வருஷமா அஞ்சுலதான் நிக்குது, வேணும்னா வந்து எண்ணிப்பாருங்க என்று அந்த அளவுக்காரப் பெண்ணைப் பார்த்து முழங்கினார். நான் எழுந்தேன். மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன், பெரியோர்களே தாய்மார்களே என்று ஆரம்பித்துக் கற்பாறையும் கண்ணீர் விடும்படி முடியும். வாயைத் திறந்தால், அஞ்சு இல்லீங்க என்பது மட்டும்தான் வந்தது. மாமா, மச்சான், வெயில் தலைக்கு ஏறிடுச்சா, உக்காருங்க, உங்களுக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கேன் என்றார். உட்காரவில்லை. பலகை சறுக்கியதாக நினைத்துத் தூக்கித் தூக்கி அடித்த கதையை எல்லாம் சொல்லிவிட்டேன், மிகைப்படுத்தாமல், என் வாழ்நாளிலேயே முதல் முறையாக. பிறகு மீன் ஏலம் விடுகிற அக்கா எழுந்து, யோவ் பலகைக்காரரே, எங்க வீட்டுக் கடிகாரத்தை ரிப்பேர் பண்ணித் தந்தீரே, அது காட்டுறதாவது நேரமா, இல்ல அதையும் தூக்கி அடிச்சீரா என்று கேட்டாள். ஒரே சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

தூணைப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று அவர் கிளம்ப, தெருவே பின்னால் கிளம்பிவிட்டது. மாமா தூணருகே போய் ஒவ்வொரு துளையிலும் ஆள்காட்டி விரலை வைத்து எண்ணினார், பன்னிரண்டாவது துளையில் கொஞ்சம் நின்றார், அது அவர் மேஸ்திரி ஆன வருடம், முப்பத்தொன்றில் கையை எடுத்தார். இவ்ளோ கடல் ஏறிடுச்சா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் சொன்ன பதிலில்தான் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது. கடல் ஏறுனது இதுல ஒரு ஆறு விரல்தான் இருக்கும் சார், மிச்ச முப்பது விரல் தரை இறங்குனது என்றாள். பாக்டரிக்கு மூன்றாக இருந்த ஆழ்துளைக் கிணறு இப்போது பதினொன்று, ஐஸ் போட அடியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச மண் அமுங்குகிறதாம், தூணும் துறையும் வீடுகளும் அதோடு சேர்ந்து இறங்குகின்றனவாம். அப்போ கடல் மேல தப்பே இல்லையா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, ஏலக்கார அக்கா, ஆறு விரல் தப்பு இருக்குன்னு சொல்லுதே, காதுல விழலையா என்றாள். மாமா, தினம் காலைல மோட்டார் சுவிட்ச் போடறது நான்தாம்மா என்றார். நீங்க மட்டும் இல்ல சார் என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அந்த ஆறு விரலுக்குக் காரணம் கேட்டேன். உலகத்தில் எங்கெங்கோ புகை போகிறதாம், எங்கேயோ பனிமலை உருகி இங்கே தண்ணீர் ஏறுகிறதாம். அங்கே ஐஸ் உருகுவது குற்றம், இங்கே ஐஸ் போடுவது குற்றம். மனிதன் எந்தப் பக்கம்தான் ஒதுங்கி நிற்பது? கடலைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அது ஆறு விரல்தான், பாக்டரியைத் திட்டலாம் என்றால் நம் தெருவில் உலை கொதிப்பதே அதனால்தான், மாமாவைத் திட்டலாம் என்றால் அவர் அப்படியே ஐஸ் கட்டி மாதிரி நிற்கிறார், என்னைத் திட்டலாம் என்றால் அதை ஏற்கெனவே நாற்பத்து மூன்று வீடும் எடுத்துக்கொண்டுவிட்டன, எனக்கு மிச்சமில்லை. இதெல்லாம் கேட்டபோது உங்கள் ஆறும் நினைவுக்கு வந்தது. உன் கம்பெனி அந்தக் கூடங்களைக் குளிர வைப்பது எந்தத் தண்ணீரில் மகளே? குற்றமாகக் கேட்கவில்லை, குற்றம் சொல்லும் தகுதி இனி எனக்குக் கிடையாது. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அவ்வளவுதான். உன் சேற்றுப் படகும் என் தரைச் செங்கலும் ஒன்றுக்கொன்று உறவா, இல்லையா என்பதே எனக்குப் புரியவில்லை.

கூட்டத்தின் முடிவு என்ன என்று கேட்பாய். கை தூக்கச் சொல்லி மூன்று முறை எண்ணினார்கள், மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது, என்னை எண்ணச் சொல்லலாமா என்று யாரோ கேட்டதற்குத் தெருவே ஒரே குரலில் வேண்டாம் என்றது, அன்றைக்கு ஒற்றுமையாக நடந்த காரியம் அது ஒன்றுதான். நாலாவது முறை எண்ணியபோது போவது என்று ஆயிற்று. கடல் பக்கத்து வரிசை முதலில், அதில் நாமும் உண்டு, அடுத்த புயல் மாதங்களுக்கு முன்னால். கிணறுகளை ஒவ்வொன்றாக மூடுவதாகப் பாக்டரியில் சொல்லியிருக்கிறார்கள், மூடினாலும் இறங்கிய தரை இறங்கினதுதான், திரும்ப எழுந்து வராதாம். பதினொன்றையும் மூடிவிட்டால் ஐஸ் எதில் போடுவது, மாமாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் அதை அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். சித்தி கையைத் தூக்கினாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் கொத்தனாரை வரச் சொல்லி நிலையை உடையாமல் எப்படிப் பெயர்ப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். மூணு அடுக்குத் தரையை உடைச்சாத்தான் அடிக்கட்டை வரும், புது வீட்டுல அடியிலேருந்து நட்டாத்தான் புள்ளையோட உசரம் சரியா நிக்கும் என்று அவருக்கே பாடம் எடுத்தாள்.

மறுநாள் பௌர்ணமி. பலகையை அடிக்கத் துறைக்குப் போனால் எனக்கு முன்னால் மாமா வந்து உட்கார்ந்திருக்கிறார், சட்டைப் பையில் ஆணி, கையில் சுத்தியல். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்க என்றார். நான் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் முதல் துளையைக் காட்டினேன். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார், நான் அடித்தேன், இரண்டு ஆணி கோணிப்போயிற்று. பிறகு இரண்டு பேரும் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஏற்றத்துக்குக் காத்திருந்தோம். தண்ணீர் வந்தது. ஐந்தைத் தொட்டது, நிற்கவில்லை, ஆறு, ஏழு என்று அவசரமே இல்லாமல், பல நாள் பூட்டியிருந்த வீட்டில் சொந்தக்காரி படியேறுகிற மாதிரி ஏறி, எட்டில் வந்து நின்றது. பதிவேட்டைத் திறந்தேன், முப்பத்தோரு வருடமாக ஐந்து எழுதிப் பழகிய கை, எட்டுக்கு வளைய மறுத்தது. எழுதுங்க மச்சான், நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் என்றார் மாமா. எழுதினேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார், அப்படி ஒரு வழக்கமே கிடையாது, இருந்தாலும் போட்டார். அதற்குள் சுவிட்ச் போடுகிற நேரம் ஆகிவிட்டது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து பாக்டரிப் பக்கம் போனார். மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கேட்டது. ஆனால் பத்துதானா பதினொன்றா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உனக்கு எழுதியதை முதலிலிருந்து படித்தேன். இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பித்திருக்கிறேன் பார், அது ஐந்து. திருத்தி எழுதுகிறேன். சித்திக்கு உப்புத் தண்ணீரில் நின்று நின்று இரண்டு கணுக்காலிலும் தோல் உரிந்து புண், உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மாமா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு, ராஜநடையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மேட்டு வீட்டில் காலையில் எழுந்து எங்கே போவது என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினேன், ஆறு வருடத்துக் கடிதங்கள். நலமாக இருக்கிறேன், வேலை நன்றாகப் போகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கவலைப்படாதீர்கள். முதல் கடிதத்திலும் அது, போன மாதக் கடிதத்திலும் அது, ஓர் எழுத்து கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் என்னுடையதைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. பாராட்டுப் பத்திரம் கொடுக்கலாம். மகளே, நீ என்னிடம் வளர்ந்தவள், பலகையை எப்படித் தூக்கிப் பிடிப்பது என்று உனக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் ஆற்றில் தண்ணீர் வர வேண்டும், அந்தச் செடி ஒரு இலையாவது விட வேண்டும், உன் தலை எந்த நிலையிலும் இடிக்காமல் இருக்க வேண்டும் என்று சித்தியும் மாமாவும் நானும் மனமார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அடுத்த கடிதத்தில் அந்த ஐந்து வாக்கியமும் எனக்கு வேண்டாம். எட்டு என்றால் எட்டு என்றே எழுது. படித்துவிட்டு நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்டால், தெரியாது. பெட்டியின் மேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாவது இருப்போம்.

இப்படிக்கு,
முப்பத்தோரு வருடம் கடலைத் தலையில் தட்டி உட்கார வைத்தவனும், இனி பலகையைத் தொடமாட்டேன் என்று மாமாவிடம் வாக்குக் கொடுத்தவனுமான
உன் சித்தப்பா